நின்ற பந்தை அடிக்கத் தெரியுமா?

போலோ என்றதும் நினைவுக்கு வருவது பாய்ச்சல்தான். எட்டுக் குதிரைகள், புழுதி, காற்றில் சுழலும் மட்டைகள். ஆனால் அம்பயர் விசில் ஊதி எல்லாரும் ஒதுங்கிய பிறகு, புல்லில் அசையாமல் கிடக்கும் பந்திலிருந்தும் கோல்கள் விழுகின்றன. விதியின் அமைப்பே அப்படி. அடிபட்ட பந்து போகும் திசையில் ஒரு கோடு இருப்பதாகக் கொள்கிறார்கள். அதை ஒட்டி வருபவருக்கே வழி. அவருக்குக் குறுக்கே குதிரையை விட்டால் ஃபவுல். 400 கிலோ எடையுள்ள விலங்குகள் முழு வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதால் இதில் தாட்சண்யம் கிடையாது. ஒரே பந்துக்கு எட்டுப் பேர் பாயும் ஆட்டத்தில் ஃபவுல் வந்தே தீரும். அப்படியிருந்தும் பெனால்டிப் பயிற்சியை மிச்சமிருக்கும் நேரத்துக்குத் தள்ளிவைப்பது விசித்திரம்.

கம்பங்களுக்கு இடையே 8 கஜம். கால்பந்து கோலுக்கும் அதே அகலம்தான். அங்கே 12 கஜத்திலிருந்து உதைக்கிறார்கள். போலோவில் தவறின் கடுமையைப் பொறுத்து 30, 40, 60 கஜம். முதல் இரண்டில் பந்து அடிபடும்வரை எதிரணி கோல் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். குறுக்குக் கம்பியும் கிடையாது, எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல். கேட்க எளிது. ஆனால் 30 கஜத்தில் நேர்க்கோட்டிலிருந்து ஏழரை டிகிரி பிசகலாம் என்றால், 60 கஜத்தில் நாலு டிகிரிகூடத் தாங்காது. அதிலும் எதிரணி 30 கஜம் தள்ளி மறித்து நிற்கும். அவர்கள் தலைக்கு மேல் தூக்கி அடிக்கவேண்டும். மட்டைத் தலையின் நுனியால் அல்ல, நீளப் பக்கத்தால் அடிக்கும் ஆட்டம் இது. மணிக்கட்டு சற்றுத் திரும்பினால் பந்து கம்பத்துக்கு வெளியே. குதிரை ஒரு முழம் விலகி வந்தால் வீச்சின் வளைவே மாறிவிடும். கோலைப் பார்க்கத் தலை நிமிர்ந்தாலோ மட்டை பந்தின் உச்சியை உரசிப் போகும். பந்து நாலு தத்துத் தத்தி நின்றுவிடும். திரும்பத் திரும்ப ஒரே தூரத்திலிருந்து, ஒரே வேகத்தில் வந்து அடிப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

இதற்காகக் குதிரையைக் களைப்பாக்கலாமா என்பார்கள். நியாயமான கவலை, சக்கர் எனப்படும் 7 நிமிடப் பகுதி ஒன்று முடிந்ததுமே குதிரையை மாற்றுகிற ஆட்டம் இது. ஆனால் பெனால்டிக்குப் பாய்ச்சல் தேவையில்லை, மிதமான ஓட்டம் போதும். வயதான, சாதுவான குதிரையே தாங்கும். வீச்சை மட்டும் சரிசெய்ய, வலைக்குள் நிறுத்திய மரக்குதிரை இருக்கிறது. அடித்த பந்து சரிவில் உருண்டு தானே திரும்பி வரும். ஆட்டத்தின் பதற்றத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியாது என்பதும் உண்மைதான். பதறும் நேரத்தில் கைக்கு உதவுவது பழக்கம் ஒன்றே என்பதால், அந்த வாதம் பயிற்சியின் பக்கமே சாய்கிறது. அணிக்கு ஒரு நல்ல அடிகாரர் போதாதா? அவர் விழுந்து கையில் அடிபட்டால் அடுத்தவர் அடித்துத்தானே ஆகவேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பெனால்டி என்பது ஆபத்தான சவாரிக்கு விதி வைத்த விலை. 60 கஜ அடியை நீங்கள் கோட்டைவிடுவீர்கள் என்று தெரிந்தால், உங்கள் ஆள் தனியாகக் கோலை நோக்கிப் பாயும்போது குறுக்கே குதிரையை விட எதிரணி தயங்காது. தவறவிடும் ஒவ்வொரு அடியும் அந்த விலையைக் குறைக்கிறது. அடுத்த மோதலில் அதைக் கொடுப்பது உங்கள் குதிரை. இத்தனைக்கும் இதற்குத் தேவை, 60 கஜத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளியும் பத்துப் பந்துகளும்.