நூறு கிராம் பக்கட்டின் விலை

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சாப்பாட்டுப் பேச்சுக்கு ஒருநாளும் குறைவில்லை. பதுளை பஜாரில் எந்தக் கடைக் கொத்து இப்போது நன்றாக இருக்கிறது, எந்தப் பேக்கரியில் நாலு மணிக்கு ரோல்ஸ் சுடச்சுடக் கிடைக்கும், பிரியாணியில் கோழித் துண்டு சிறுத்துப் போனதா இல்லையா, பாத்திரக் கடையில் நொன்ஸ்டிக் தாச்சி விலை குறைத்துப் போட்டிருக்கிறார்களா என்று எல்லாம் பேசுகிறோம். பேசுவதில் பிழை இல்லை. இந்தக் குளிரில் பின்னேர இஞ்சிப் பிளேன்டீயையும் வடையையும் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஆனால் சம்பளம் கிடைத்த மறுநாள் பசறை, ஸ்பிரிங்வெளி, ஹாலி-எல பஸ்களில் வந்து இதே பஜாரில் இறங்கும் தோட்டத்துச் சனம் என்ன விலைக்குச் சாமான் வாங்குகிறது என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. இன்றைக்கு அதைக் கொஞ்சம் பேசுவோம்.

தோட்டத்துப் பக்கத்துச் சில்லறைக் கடை எதிலும் முன்னால் தோரணம் மாதிரித் தொங்குவது சின்னப் பக்கட்டுகள்தான். மிளகாய்த் தூள், பால்மா, தேயிலைத் தூள், நெத்தலி, சோயா, சவர்க்காரத் தூள் எல்லாமே அதில் இருக்கும். வகுப்பில் விகிதக் கணக்கு வரும்போது நாங்கள் பிள்ளைகளிடம் வீட்டில் வெறுமையான பக்கட்டுகளைக் கொண்டுவரச் சொல்வதுண்டு. 20 கிராம் பக்கட்டின் விலையை 50ஆல் பெருக்கு, 100 கிராமின் விலையை 10ஆல் பெருக்கு, ஒரு கிலோ விலை வரும். பிறகு பெரிய பக்கட்டின் விலையோடு வைத்துப் பார். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. விடை வந்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். அநேகமாக எல்லாச் சாமானிலும் சின்னப் பக்கட் வாங்குபவர்தான் கிலோவுக்குக் கூடக் கொடுக்கிறார். நம்பாதவர்கள் இன்றைக்கே உங்கள் குசினியில் இரண்டு அளவுப் பக்கட்டுகளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

"அப்படியென்றால் பெரிய பக்கட்டை வாங்க வேண்டியதுதானே, அவர்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்று ஒருவர் கருத்துப் போடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். சிக்கனம் தெரியாமல் அல்ல. நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவானது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. பத்திரிகையில் பார்த்தால் பெரிய எண். ஆனால் அது பெயர் விழுந்த நாளுக்கு மட்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழை மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்ததோ அத்தனை நாளுக்குத்தான் காசு. அதிலும் பிடிப்பனவு போகக் கைக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறை. இருபதாம் திகதிக்குப் பிறகு கையில் நூறு ரூபா உள்ள தாய் ஒரு கிலோ பருப்பின் மலிவை எண்ணி என்ன செய்வார்? நூறு ரூபாவுக்கு என்ன வருமோ அதைத்தான் வாங்குவார்.

கையில் நூறும் இல்லாத நாளுக்குக் கடன் கொப்பி இருக்கிறது. கொப்பி வைத்திருக்கும் கடைக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த மாதங்களில் பல லயங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பிகளால்தான். திரும்பி வராத கடனைச் சுமந்த கடைகள் எங்கள் சமூகத்திலும் உண்டு. ஆனால் கொப்பியில் வாங்குபவர் விலை கேட்க மாட்டார், நிறை பார்க்க மாட்டார், அடுத்த கடைக்கும் போக மாட்டார். இது இன்று நேற்று வந்ததும் அல்ல. ஒரு காலத்தில் தொழிலாளியின் கடனை ஒரு தாளில் எழுதி, அதைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டத்துக்கு விடுவார்கள். அதற்குப் பெயரே 'துண்டு'. 1921இல் சட்டத்தால் ஒழித்தார்கள். பிறகு 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும், தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். ஆக, என்ன சாப்பிடுவது, என்ன விலைக்கு வாங்குவது என்பதை இந்த மக்கள் சுதந்திரமாக முடிவு செய்த காலம் மிகக் குறைவு. 1973, 74 பஞ்சத்தைப் பற்றி வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேளுங்கள், நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கோதுமை மாவுக்கு வருவோம். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் ரொட்டியும் சம்பலும். ரொட்டி எங்களுக்கும் பிடிக்கும், கட்டைச் சம்பலோடு நாலு உள்ளே போகும். ஆனால் வாரம் ஐந்து நாளும் அதுவே என்றால் அது ருசி அல்ல. 2016ஆம் ஆண்டு குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். கடலை, பயறு, கௌபி சாப்பிடக் கொடுங்கள் என்று கூட்டத்தில் சொல்வது சுலபம். நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதிகாலையில் எழும்பி, பெரட்டுக்குப் போவதற்குள் சமைக்க வேண்டிய தாய்க்கு, விறகு அடுப்பில் கடலை வேகும் நேரம் எங்கே? ரொட்டி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே பாத்திரக் கடையைப் பற்றிப் பேசுபவர்கள் நொன்ஸ்டிக் தாச்சியை விட்டுவிட்டு பிரஷர் குக்கரைப் பேசினால் நல்லது. முதல் நாள் இரவே ஊறப்போட்ட கடலை அதில் சீக்கிரம் வெந்துவிடும், விறகும் மிச்சம்.

இன்னொரு சாமானும் உண்டு, அதைப் பற்றி யாரும் படம் போட மாட்டார்கள். இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் வாளி. எங்கள் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. லயத்து அறையில் ஈரம், கூரையில் எலி. ஐந்து கிலோ மாவை வாங்கி எங்கே வைப்பது? வண்டு விழும், பூஞ்சணம் பிடிக்கும். மொத்தமாக வாங்காததற்குக் காசு மட்டும் காரணம் அல்ல, வைக்க இடம் இல்லாததும் காரணம். இரண்டு வாளி இருந்தால் அந்தக் காரணத்தில் பாதி போய்விடும். சீட்டுப் பிடிப்பதில் எங்கள் பெண்களை மிஞ்ச ஆள் இல்லை. பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு, வருடப் பிறப்புச் சாமான் சீட்டு என்று எல்லாம் நடக்கிறது. அதே மாதிரி ஒரு லயத்தில் ஐந்து வீடு சேர்ந்து மாதம் ஒரு சாக்குப் பருப்போ பயறோ வாங்கி நிறுத்துப் பிரித்தால் என்ன? ஆளுக்கு ஒரு ஆட்டோக் கூலியும் மிச்சம். தீபாவளி முற்பணத்தில் ஒரு சிறு பங்கு போதும் தொடங்குவதற்கு.

இனி எங்கள் கடைக்காரர்களிடம். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களில் பலர் எங்கள் உறவுகள், எங்கள் மாணவர்களின் வாப்பாமார். நாங்கள் கேட்பது தர்மம் அல்ல, தராசு. முன்பு கடைகளில் சாக்கு வாயைத் திறந்து வைத்து, கேட்ட அளவை நிறுத்து, பேப்பர்ச் சுருளில் கட்டிக் கொடுத்தார்கள். 75 கிராம் பருப்புக் கேட்டாலும் கிலோ விலையின் கணக்கில் வந்தது. இப்போது பக்கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டால் வேலை சுலபம், சிந்தாது, எறும்பு வராது. எல்லாம் சரி. ஆனால் பருப்பு, பயறு, கடலை, நெத்தலி, மிளகாய்த் தூள் என்ற ஐந்தை மட்டுமாவது நிறுத்துக் கொடுங்கள். தராசின் முகம் வாங்குபவர் பக்கம் இருக்கட்டும். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை அதில் இருக்கட்டும். விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது, அது சலுகை அல்ல. குறை இருந்தால் 1977க்கு அழைக்கலாம் என்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவிலும் நிறையிலும் குறைப்பவர்களைப் பற்றி எங்கள் மார்க்கத்தில் தனி ஸூராவே இருக்கிறது. சின்னப் பக்கட் விற்பது அந்தக் குற்றம் அல்ல, அதில் எழுதிய நிறை சரியாகவே இருக்கும். ஆனாலும் அதே பருப்புக்கு இல்லாதவரிடம் கூட வாங்கி, இருப்பவரிடம் குறைய வாங்கும் ஒரு முறை எங்கள் கடை வாசலில் தொங்கும்போது, 'சட்டப்படி சரி' என்று சொல்லி நகர்ந்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

மேலே சொன்ன ஐந்து சாமானையும் ஏற்கனவே நிறுத்துக் கொடுக்கும் கடைகள் பதுளையிலோ பசறையிலோ லுணுகலையிலோ இருந்தால் கீழே பெயரைப் போடுங்கள். கொத்துக் கடைப் பட்டியல் போடுவது மாதிரி இதற்கும் ஒரு பட்டியல் போடுவோம். சம்பள நாளுக்கு முன்னால் போட்டால் நல்லது.