கண்ணிவெடிக்குக் கணக்காண்டு தெரியுமா?



நான் பாறசாலைக்காரன். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நடுவே எல்லை வந்தது. ஆயினும், விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவர் தம் காலடி எந்த மாநிலத்தில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. (எங்களை இங்கே பாண்டி என்பதும் அங்கே மலையாளி என்பதும் வேறு கதை!)

இலங்கையில் முகமாலை என்றோர் ஊர். பளைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அடுத்த அவ்வூரில் போர்முனை ஆண்டுக்கணக்கில் நின்றது. படையினரும் புதைத்தனர், புலிகளும் புதைத்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிக்கு அச்செய்தி எட்டுமா? இன்று அவற்றைத் தேடி எடுப்போரில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்தோரும் அவர்களுள் உளர். வெயிலில் முழந்தாளிட்டு, உலோகங்காட்டும் கருவியும் வாரியும் கொண்டு மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குகிறார்கள். நாள் முழுதும் உழைத்தால் ஒருவர் முடிப்பது சில சதுர மீட்டரே.

இவர்களுக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? ஹாலோ டிரஸ்ட், மாக் என்னும் பிரிட்டிஷ் அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு அமைப்புகளும் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், நார்வே முதலிய நாடுகள் தரும் பணத்தை நம்பியே இப்பணியை நடத்தி வந்தன. 2025 சனவரியில் வாஷிங்டன் தன் அயல்நாட்டு உதவியைத் தொண்ணூறு நாள் நிறுத்தியது. உலகின் பல பகுதிகளில் வெடியகற்றும் வேலை தடைப்பட்டது.

"கொடுப்பவரைக் குறை கூறலாமா?" என்பார் உளர். கொடுத்தவரை வாழ்த்துகிறேன், கொடுக்கும் முறையைத்தான் குறை கூறுகிறேன். கணக்காண்டு முடிந்ததும் கை பழகியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பணம் வந்ததும் புதியவரைப் பழக்குவது எந்த ஊர்ச் சிக்கனம்? ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கண்ணிவெடி முழுதும் அகற்ற அதற்கு விதித்த கெடு 2028 சூன் 1. பண உறுதியும் வேலை முடியும் வரை நிற்க வேண்டாவா?

கொழும்பு தன் கருவூலத்திலிருந்து கூடுதலாகத் தரட்டும். நம் டில்லியோ? 1987 முதல் 1990 வரை நம் படை அம்மண்ணில் நின்றது. போர் முடிந்தபின் வெடியகற்றும் குழுக்களை நம் அரசு தன் செலவில் அனுப்பியது; நன்று. ஆனால் அவ்வுடன்படிக்கையில் இந்தியா இன்னும் ஒப்பமிடவில்லை. ஒப்பம் தாமதமாகலாம், பணம் தாமதமாகலாமா?

முகமாலைப் பணி முடியும் வரை ஆண்டுதோறும் நிதி ஒதுக்குமாறு திருவனந்தபுரம், கன்னியாகுமரித் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர் இருவரும் கேட்க வேண்டுமென்று, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். எதிர்ப்போரும் வந்து பேசுக.