மற்றவரின் அழுக்கில் நமக்கென்ன பெருமை?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மறுமலர்ச்சிக் கால மக்களின் வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: இங்கிலாந்து மக்கள் வருடத்தில் ஒரு தடவை, மே மாதம் மட்டும் குளித்தார்கள். உடம்பு நாறத் தொடங்குமுன் ஜூன் மாதம் கல்யாணம் முடித்தார்கள். மிச்ச நாற்றத்தை மறைக்கத்தான் மணப்பெண் கையில் பூச்செண்டு.

முத்து முத்தான கையெழுத்து. கூப்பிட்டு, எந்தப் புத்தகத்தில் வாசித்தாய் என்று கேட்டேன். "வாப்பாட ஃபோன்ல வந்த சேர்" என்றது.

அந்தச் செய்தி எனக்கும் வந்தது. ஊர் குரூப், பள்ளி குரூப், பழைய மாணவர் குரூப், மூன்றிலும். கீழே "இவர்களா நமக்கு நாகரிகம் படிப்பித்தவர்கள்?" என்ற கேள்வி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அனுப்பியவர்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அது பொய். 1999 அளவில் ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுக்கதை. ஓலைக் கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழைக்கு வழுக்கி விழுந்தன என்ற கதையும் அதே மின்னஞ்சலில்தான் இருந்தது. வெள்ளைக்காரர்களே எழுதி, வெள்ளைக்காரர்களே சிரித்துவிட்டுப் போட்ட குப்பையை நாம் பொறுக்கி வந்து தலையில் வைத்திருக்கிறோம்.

கல்யாணத்தையே எடுத்துப் பாருங்கள். 1538ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரச கட்டளை இருந்தது. அந்தப் பதிவேடுகளில் ஏராளமானவை இன்றும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் ஊர் ஊராக எண்ணிப் பார்த்தார்கள். பயிர் செய்யும் ஊர்களில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் கல்யாணங்கள் குவிந்தன. நம் பக்கத்தில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் கல்யாணப் பேச்சு தொடங்குகிறதே, அதே கணக்குத்தான். ஷேக்ஸ்பியர் கல்யாணம் முடித்தது 1582 நவம்பரில். அவருக்கு வயது 18, பெண்ணுக்கு 26.

எல்லோருக்கும் 12 வயதில் கட்டிவைத்தார்கள் என்பதும் இன்னொரு கதை. பெண்ணுக்கு 12 வயதில் சட்டம் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் சாதாரண குடும்பங்களில் பெண்கள் சராசரியாக இருபத்தைந்து வயதைத் தாண்டித்தான் கல்யாணம் முடித்தார்கள். தனிக்குடித்தனம் போடக் காசு சேர்க்க வேண்டும். அதற்காக ஆணும் பெண்ணும் பிறர் வீட்டில் வருடக்கணக்கில் வேலைக்கு நின்றார்கள்.

சுத்தத்துக்கு வருவோம். நம்மைப் போல் தினமும் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. சுடுநீர் தோலின் துவாரங்களைத் திறந்துவிடும், கொள்ளைநோய் உள்ளே போய்விடும் என்று அன்றைய வைத்தியர்கள் நம்பினார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளியல் கூடம் என்ற பெயரில் விபசாரம் நடந்த வீடுகளை 1546இல் எட்டாம் ஹென்றி மூடினார். ஆனால் குளிக்காதவன் கழுவவே இல்லை என்று அர்த்தமில்லை. காலையில் முகம் கை கழுவினார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவினார்கள். துணியால் பல் தேய்த்தார்கள். பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றி எராஸ்மஸ் 1530இல் எழுதிய நூல் இரண்டே வருடத்தில் ஆங்கிலத்தில் வந்தது. அது முகம் கழுவவும் தலை வாரவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. உடம்போடு ஒட்டிப் போட்ட லினன் சட்டைதான் அவர்களுடைய சுத்தத்தின் அளவுகோல். அது வியர்வையை உறிஞ்சும், அதைக் கழற்றித் துவைப்பார்கள். துவைத்தது பெண்கள். விறகுச் சாம்பலில் காரநீர் வடித்து, அதில் துணியை ஊறவைத்து, அடித்து, வெயிலில் விரித்தார்கள். அந்தப் பெண்களின் முதுகு ஒடிந்த உழைப்பை நாம் ஒரு சிரிப்பு முகத்தால் அழித்துவிடுகிறோம்.

தெரு அழுக்காக இருந்தது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அழுக்கைச் சட்டம் போட்டுத் தடுக்கவும் பார்த்தார்கள். 1552இல் ஷேக்ஸ்பியரின் தகப்பன் ஜோன், தெருவில் குப்பை மேடு வைத்ததற்காக ஒரு ஷில்லிங் தண்டம் கட்டினார். நம் ஊர் வாய்க்காலுக்குள் குப்பைப் பையை எறிந்ததற்குக் கடைசியாக யார் தண்டம் கட்டியது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அவர்களுக்குத் துயரமும் குறைவில்லை. 1563இல் கொள்ளைநோய் லண்டனில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பத்து வயதைக் காணவில்லை. ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் பதினொரு வயதில் மௌத்தானான். இதற்கு நடுவில்தான், ஏழைகளைப் பராமரிக்க ஒவ்வொரு ஊர்ப் பங்கும் வரி சேர்க்க வேண்டும், பொறுப்பாளர்களை நியமிக்க வேண்டும் என்று 1598இலும் 1601இலும் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தில் கடுமையும் இருந்தது, ஆனால் சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

"சேர் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று சிலர் எழுதுவீர்கள். இல்லை. குற்றம் சாட்டுவதற்கு உண்மையான குற்றமே இருக்கிறது. அதே காலத்தில்தான் ஜோன் ஹோக்கின்ஸ் ஆபிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்றார். 1564இல் அவருடைய இரண்டாவது பயணத்துக்கு எலிசபெத் மகாராணியே தன் கப்பலைக் கொடுத்தார். அதை ஏன் ஒருவரும் ஃபோர்வர்ட் பண்ணுவதில்லை? அதை வாசித்தால் சிரிப்பு வராது, அதனால்தான்.

அந்த இங்கிலாந்துக்கும் முஸ்லிம்களுக்கும் தொடர்பு இருந்தது. மகாராணி உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராதுடன் கடிதம் வைத்திருந்தார். மொரோக்கோவிலிருந்து சீனி வாங்கினார்கள். 1600இல் மொரோக்கோ சுல்தானின் தூதர் அப்துல் வாஹித் லண்டனில் ஆறு மாதமளவில் தங்கினார். தங்கிய வீட்டிலேயே ஆடு கோழி அறுத்துச் சாப்பிட்டதையும், அறுக்கும்போது கிழக்கே திரும்பியதையும் அந்த நாட்டு வரலாற்று ஏடு வியப்போடு குறித்து வைத்தது. கூடவே, இவர்கள் தூதர்களா ஒற்றர்களா என்ற சந்தேகத்தையும் எழுதி வைத்தது. பக்கத்து வீட்டானின் சாப்பாட்டைப் பார்த்துக் கதை கட்டும் பழக்கம் அவ்வளவு பழையது.

அந்தக் கதை கட்டலின் விலை என்ன என்று நமக்குத் தெரியாதா? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார், அது வெறும் மா என்று. அந்தப் பொய்யை அனுப்பியவர்களும் விசாரிக்கவில்லை. அவர்களும் சிரித்துக்கொண்டுதான் அனுப்பியிருப்பார்கள். அன்று நாம் அழுதோம். இன்று அதே பட்டனை நாம் அழுத்துகிறோம், எதிரில் இருப்பவன் 400 வருடத்துக்கு முன் செத்துப்போனவன் என்ற ஒரே தைரியத்தில்.

சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கொண்டுவரப்படும் செய்தியை விசாரிக்கச் சொல்கிறது. 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டம் பரிகசிப்பதைத் தடுக்கிறது. ஒரே ஃபோர்வர்டில் இரண்டையும் மீறியாகிவிட்டது. நம் மார்க்கத்தின் சுத்தம் உயர்ந்தது என்று காட்ட இன்னொருவனின் அழுக்கு தேவையில்லை. ஐந்து வேளை வுழூவும், சுத்தமான வாய்க்காலும் போதும்.

அனுப்பியவர்கள் அதே குரூப்பில் "அது பிழை" என்று ஒரு வரி போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு நான் புள்ளி போடவில்லை. வெட்ட வேண்டியது வாப்பாவின் புள்ளியை. ஆனால் வாப்பாவின் விடைத்தாள் என் கையில் இல்லையே.