கொடுத்த பிரதியும் திருத்தும் கையும்

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகம் சிறியது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு நூல் வெளியீடு முடிந்து, சிராங்கூன் சாலைக் கடையொன்றில் தோசைக்கும் காப்பிக்கும் கூடி அமர்ந்தால், எழுத்தாளர், விமர்சகர், சென்னையிலிருந்து வந்திருக்கும் பதிப்பாளர் எல்லோரும் ஒரே மேஜையில் இருப்பார்கள். இந்த அந்நியோன்னியம் நமக்கு வாய்த்த பாக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பரிசீலனைக்கென்று ஒருவரிடம் ஒப்படைத்த பிரதியை, அவர் பாதி படிக்குமுன்பே திருத்தித் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும் வழக்கமும் அதே அந்நியோன்னியத்தின் நிழலில் வளர்ந்துவருவதைக் காணும்போது, உரிமை பாராட்டுவதற்கும் பிறர் உழைப்பை மதியாதிருப்பதற்கும் நடுவிலுள்ள எல்லையை மறந்துவிட்டோமோ என்று வருத்தமாயிருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இலக்கிய முகவர் என்றொருவர் உண்டு. பிரதியைப் படித்து, பதிப்பகங்களிடம் கொண்டுசென்று, ஒப்பந்தம் பேசி, ஆசிரியருக்கு வரும் தொகையில் ஒரு பங்கைப் பெறுபவர். நூல் விலைபோகும்வரை அவர் படிப்பதெல்லாம் ஊதியமில்லாத உழைப்பு. தமிழில் அந்தச் சுமை பெரும்பாலும் பதிப்பாளரையோ, அவர் நம்பிப் படிக்கக் கொடுக்கும் நண்பரையோ சேர்கிறது.

அந்த நண்பரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூற்றிருபதாம் பக்கம்வரை வந்து, இருபத்தாறாம் பக்கத்தில் தாய் பேசுவது செயற்கையாயிருக்கிறது, அறுபதாம் பக்கத்தில் காலக்கணக்கு இடிக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அந்த வேளையில் புதிய கோப்பு வந்து சேர்கிறது: பக்க எண்கள் நகர்ந்துவிட்டன, தாய் இறந்துவிட்டாள், எது மாறியது என்று சொல்ல ஒரு வரியும் கூட வரவில்லை. அவருடைய பிரயாசை அத்தனையும் வீண்.

பக்க வடிவமைப்பு தொடங்கிய பிறகோ சங்கடம் பன்மடங்கு. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே நம் நூல்களில் பல அச்சேறுகின்றன. நாம் யூனிகோடில் அனுப்புவதை வடிவமைப்பாளர் பலசமயம் தம் மென்பொருளுக்கு இசைந்த வேறு எழுத்துருவுக்கு மாற்றி, கொம்பும் புள்ளியும் இடம் பிசகிய இடங்களைக் கண்ணால் பார்த்துச் சீர்செய்து, பக்கம் கட்டி, மெய்ப்பு எடுத்திருப்பார். அதன்பின் டிசம்பரில் "இதுதான் சரியான பிரதி" என்று முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பினால், அவ்வளவையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அந்நிலையில் அனுப்பத்தக்கது இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன மாற்றம் என்னும் பட்டியல் ஒன்றே.

திருத்துவது குற்றமென்று நான் சொல்லவில்லை. திருத்தாத எழுத்தாளன் வளரமாட்டான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட பின்னரும் ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்குவதை நிறுத்தவில்லை. 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். திருத்தத்துக்குரிய காலம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை அவரிடம் இருந்தது.

என் அபிப்பிராயம் இது. நான்கு எழுத்துப்பிழைகளுக்காகவும் ஒரு வாக்கியத்தின் அழகுக்காகவும் யாரையும் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. நூலை ஏற்றுக்கொண்டால் அவற்றைத் திருத்த அவகாசம் கிடைக்கும். முடிவையே மாற்றியிருந்தால், ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டிருந்தால், கோப்பை அனுப்புவதற்குமுன் கடிதம் எழுதுங்கள்: மாறியது என்ன, படிக்கத் தொடங்கிவிட்டீர்களா, புதிய பிரதியை அனுப்பலாமா என்று. "வேண்டாம், இதையே படித்து முடிக்கிறேன்" என்று பதில் வந்தால் வருந்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரே திருத்தங்களைச் சொல்லி மீண்டும் அனுப்பச் சொல்லியிருந்தால், மறுநாளே அனுப்பிவிடாமல் சில வாரங்களாவது அதனுடன் இருங்கள். அவசரத்தில் செய்த திருத்தம் அனுபவமுள்ள கண்ணுக்கு உடனே தெரியும். அதே பிரதி வேறொருவரிடமும் இருந்தால், அதை மறைப்பது நியாயமன்று.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்களில் பலர் அகம்பாவத்தால் அப்படிச் செய்வதில்லை. ஆறு மாத மௌனத்தைத் தாங்கமாட்டாமல், தம் எழுத்தில்தான் ஏதோ குறை என்று மருகி, மறுபடியும் பேனாவை எடுக்கிறார்கள். "பிரதி கிடைத்தது, இன்ன மாதத்துக்குள் பதில் தருகிறோம்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.