பிள்ளை கடனுக்கு அப்பா வீடு!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், ரிட்டையர் பணத்தைப் போட்டு வீடு கட்டிய பெரியவர்கள் பலர். தொழில் தொடங்க மகனுக்குக் கடன் தேவை. “சும்மா ஒரு கையெழுத்துப்பா” என்கிறான். அப்பா போடுகிறார். பத்திரம் பாங்குக்குப் போகிறது.

தவணை நின்றால்? 2002-ம் ஆண்டு ‘சர்பாசி’ சட்டப்படி, கோர்ட்டில் வழக்குப் போடாமலே பாங்கு வீட்டை எடுத்து ஏலம் விடலாம். கடன் மகனுடையது, வீடு அப்பாவுடையது என்ற பேதமெல்லாம் அங்கே செல்லாது.

முதலில் நோட்டீசு வரும். கெடு 60 நாள். “புள்ள பாத்துக்குவான்” என்று அதைப் பரணில் போட்டால் போச்சு! ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் பாங்கு பதில் சொல்லியாக வேண்டும். வீட்டை எடுத்துவிட்டால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

சங்கடமே அங்கேதான். தீர்ப்பாயம் இருப்பது சென்னையில்! உள்ளூர் சிவில் கோர்ட்டுக்குப் பொதுவாக இதில் அதிகாரம் இல்லை. எழுபது வயதில் பஸ் ஏறி, வக்கீல் பிடித்து, பீஸ் கட்டி... எத்தனை பேரால் முடியும்?

பாங்கு பணத்தைக் கேட்பது தப்பில்லை. அது ஊரார் போட்ட டெபாசிட். ஆனால் கையெழுத்து வாங்கும் முன்பு, மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு, “தவணை நின்றால் வீடு போகும், சம்மதமா?” என்று மானேஜர் தமிழில் பச்சையாகக் கேட்கட்டும்.

நோட்டீசு வந்தவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. விழுப்புரத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, திண்டிவனத்திலும் இதற்கென்றே மாதம் ஒரு முகாம் நடத்தினால் என்ன? பல பெரியவர்களின் கூரை தப்பும்!