வயசான பொம்பளைக்கு எதுக்கு வெயிட்டு?

1/ "அறுபது வயசுல அம்மா எதுக்கு டாக்டர் வெயிட் தூக்கணும்? வாக்கிங் பத்தாதா?" ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. பத்தாது. ஏன்னு இந்த இழையில் சொல்றேன்.

2/ முதல்ல எடை மிஷினை மட்டும் நம்புறதை விடுங்க. மாதவிடாய் நின்ற பிறகு தசை கரையும், வயிற்றில் கொழுப்பு சேரும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் முள் நகராது. "பத்து வருஷமா அதே 58 கிலோ"ன்னு நிம்மதியா இருப்பாங்க. உள்ளே சரக்கே மாறியிருக்கும்.

3/ தசை அழகுக்கு இல்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய கிடங்கு அது. கிடங்கு சுருங்கினா சுகர் எங்கே போகும்? பாத்ரூமில் வழுக்கும்போது காலை ஊன்றி நிறுத்துவதும் தசைதான். அது இல்லாம விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, பலர் பழையபடி நடப்பதே இல்லை.

4/ "எங்கம்மா கரிசக்காட்டுல களை வெட்டுனவங்க. அதைவிடவா?" அந்த உழைப்புக்குக் கும்பிடு. ஆனா தசையோட கணக்கு வேற. ஒரே சுமைக்கு உடம்பு பழகிடும். சுமை கொஞ்சம் கொஞ்சமா கூடினாத்தான் வலு கூடும். தீப்பெட்டி ஆபீஸ்ல நாள் முழுக்க கை ஓடும், தொடை ஓடாது.

5/ எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். இருபது வயசுல தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம். கட்டட வேலையில சிமெண்டுச் சட்டி. அப்போ யாரும் "தூக்காதம்மா"ன்னு சொல்லலை. அறுபதுல தனக்காக 5 கிலோ தூக்கினா மட்டும் "வயசுக்கேத்த மாதிரி இரு"வா?

6/ ஆதாரம் கேட்பீங்க. 1990ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். கால் வலு சராசரியா 174 சதவீதம் கூடியது. ஆஸ்திரேலியாவில் எலும்பு தேய்ந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு. கண்காணிப்போடு கனமான எடை தூக்கியவர்களுக்கு 8 மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. லேசான பயிற்சி செய்தவர்களுக்கு இறங்கியது.

7/ அவ்வளவு தூரம் வேண்டாம். பொள்ளாச்சி கிட்டம்மாள் பாட்டி 82 வயசுல கோவையில் போட்டியில் இறங்கி 50 கிலோ டெட்லிஃப்ட் தூக்கினாங்க.

8/ ஜிம் இல்லையா? நாற்காலியில் உட்கார்ந்து எழுங்க. சுவரில் கை ஊன்றித் தள்ளுங்க. துணிப்பையில் 2 கிலோ அரிசி போட்டுத் தூக்குங்க. சுலபமானதும் எடையைக் கூட்டுங்க. வாரம் 2 நாளாவது. இதய நோய், கட்டுப்படாத பிபி, ஏற்கெனவே எலும்பு முறிவு இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

9/ வெறும் சோறும் ரசமும் தசை கட்டாது. முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர் தினமும் வேணும். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி மிச்சத்தைச் சாப்பிடுற அம்மாவுக்கு முதல் முட்டையை வையுங்க. சிறுநீரக நோய் இருந்தா மட்டும் அளவைக் கேட்டுக்கோங்க.

10/ இன்னைக்கே ஒரு சோதனை. கையை மார்பில் கட்டிக்கிட்டு, நாற்காலியில் இருந்து அம்மா 5 தடவை எழுந்து உட்காரட்டும். பக்கத்துல நில்லுங்க. 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆனா உடல்திறன் குறைவுன்னு ஆசிய நிபுணர் குழு 2019ல் வரையறுத்திருக்கு. அப்புறமும் "வாக்கிங் போதும்"னு சொல்லாதீங்க.