ஆறு பேர் படித்த கல்லூரி



ஜூன் பிறந்தால் ஜெராக்ஸ் கடைகளுக்குத் திருவிழாதான். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மார்போடு அணைத்தபடி அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்தில் பிள்ளை செல்போனில் கட்-ஆஃப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நமக்கு வரும் கடிதங்களிலும் இந்த மாதம் ஒரே கேள்விதான்: "எந்தக் காலேஜ் சார் நல்ல காலேஜ்?"

தரவரிசைப் பட்டியல் போட நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் போட்டிக்கு நான் வரவில்லை. எந்தப் பட்டியலின் உச்சியிலும் இடம்பெறாத ஒரு கல்லூரியின் கதையைச் சொல்கிறேன். அது தொடங்கியபோது அதற்குத் தனிக் கட்டடம் கிடையாது, பெயர் கிடையாது. மாணவர்கள் ஆறு பேர்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது ஜோலியட். சுண்ணாம்புக்கல் குவாரி, கால்வாய்ப் படகு, ரயில், உருக்காலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைப்பு தேடி வளர்ந்த ஊர். மாநிலத்தின் பெரிய சிறைச்சாலையும் 1858 முதல் அங்கேதான் இருந்தது. நம்மூரில் பாளையங்கோட்டை என்றதும் சிலருக்கு ஜெயில் ஞாபகம் வருமே, அதுபோல வெளியூர்க்காரர்களுக்கு ஜோலியட் என்றால் சிறைதான். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் கப்பலேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே பள்ளி இறுதிவரை படித்தவர்கள் சொற்பம். அப்படிப்பட்ட ஊர், உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டே கோட்டை மாதிரி ஓர் உயர்நிலைப் பள்ளியைக் கட்டி 1901இல் திறந்தது.

பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். அவருக்கு ஒரு நண்பர், வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். சாதாரண ஆள் இல்லை. 14 வயதில் பட்டம், 18 வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் எழுந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைத் தனியே வெட்டி எடுத்து அதற்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதே பள்ளிக் கட்டடத்தில் இன்னும் இரண்டு ஆண்டு படிக்கலாம். பாடத்தின் தரம் கல்லூரித் தரம். பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனால் படித்த படிப்பு கணக்கில் சேரும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1901இல் அப்படிச் சேர்ந்தவர்கள்தான் அந்த ஆறு பேர்.

மூத்த வாசகர்களுக்கு இங்கே பி.யு.சி. நினைவு வரலாம். கல்லூரியில் நடந்த அந்த ஓராண்டுப் படிப்பு போய், 1978இல் பிளஸ் டூ பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. நாம் கல்லூரியிலிருந்து ஒரு துண்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்தோம். ஜோலியட்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் கல்லூரியையே தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நண்பர்கள் இருவரும் சேர்ந்து செய்தார்களே தவிர, இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றல்ல. ஹார்ப்பர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்று யோசித்தவர். ஆராய்ச்சிக்கு என்று பல்கலைக்கழகம் இருக்க வேண்டும், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லித்தரும் சுமை அதற்கு எதற்கு என்பது அவர் எண்ணம். இரண்டு ஆண்டு படித்துப் பார்த்து, மேலே போக முடியாதவர்கள் அதோடு கௌரவமாக நின்றுகொள்ளலாம் என்பதையும் ஒரு நன்மையாகவே அவர் சொன்னார். ஆக, அவர் கையில் இருந்தது ஒரு வடிகட்டி.

பிரவுன் நின்றது பள்ளிக்கூட வாசலில். தன்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் மேலே படிக்காததற்குக் காரணம் மூளை இல்லாததல்ல, சிகாகோவில் தங்கிப் படிக்கக் காசு இல்லாதது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்து படிக்க முடிந்தால் போதும்.

இரண்டில் எது ஜெயித்தது என்பதை ஊரே முடிவு செய்தது. 1902 டிசம்பரில் பள்ளியின் நிர்வாகக் குழு இந்த மேல்வகுப்புகளுக்கு முறையாக ஒப்புதல் தந்தது; கூடவே கட்டணம் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் கல்லூரி உண்மையில் பிறந்த நாள் அதுதான். ஆறு பேர் சேர்ந்த நாளைவிட, காசு வாங்க மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் தீர்மானம் போட்ட நாள். ஹார்ப்பர் 1906இல் புற்றுநோயால் இறந்தார், வயது 49. தான் செய்த வடிகட்டியை அந்த ஊர் வாசற்கதவாக மாற்றியதை முழுதாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பெயர் வந்ததே 1916இல்தான்: ஜோலியட் ஜூனியர் காலேஜ். பெயர் இல்லாமலே பதினைந்து ஆண்டு நடந்த கல்லூரி! நம்மூரில் கல்வெட்டும் பெயர்ப்பலகையும் தயாரான பிறகுதான் ஆசிரியரைத் தேடுவார்கள் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

அங்கே யார் படித்தார்கள்? இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் கேத்ரின் டன்ஹாம். கறுப்பினப் பெண். அப்பா அந்த ஊரில் துணி வெளுத்துத் தரும் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தார். 1920களின் கடைசியில் ஜோலியட் கல்லூரியில் படித்து, அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் மானுடவியல் படித்தார். ஹார்ப்பரும் பிரவுனும் போட்ட அதே பாதை. கரீபியன் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள மக்களின் ஆட்டங்களை ஆராய்ந்து, அவற்றை மேடைக்குக் கொண்டுவந்து, உலகம் சுற்றிய நடனக் கலைஞராக 2006வரை வாழ்ந்தார்.

இன்னொருவர் ஜான் ஹூபோல்ட். ஜோலியட் பக்கத்துப் பண்ணை வீட்டில் வளர்ந்த பையன். அதே ஊரில் பள்ளி, அதே ஊரில் ஜூனியர் காலேஜ், பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங். பின்னால் நாசாவில் பொறியாளர் ஆனார். 1961இல் சந்திரனுக்கு மனிதனை அனுப்ப வேண்டும் என்று அதிபர் கென்னடி அறிவித்துவிட்டார். எப்படி அனுப்புவது என்பதில்தான் சண்டை. பிரம்மாண்டமான ராக்கெட்டைச் செய்து நேரே போய் இறங்கித் திரும்பலாம் என்றார்கள் சிலர். பூமியைச் சுற்றும் பாதையிலேயே பாகங்களைப் பொருத்திக்கொண்டு போகலாம் என்றார்கள் சிலர். ஹூபோல்டின் கணக்கு வேறு. திரும்பி வருவதற்கான எரிபொருளையும் வெப்பக் கவசத்தையும் சந்திரனில் இறக்கி, மறுபடி தூக்குவது வீண் பாரம். தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சின்னக் கலம் ஒன்று மட்டும் இறங்கி ஏறி, அதோடு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்திரனுக்குப் பக்கத்தில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பதாவது என்று பயந்தார்கள். 1961 நவம்பரில் ஹூபோல்ட் தன் மேலதிகாரிகள் அத்தனை பேரையும் தாண்டி, நாசாவின் உயர்மட்டத்தில் இருந்த ராபர்ட் சீமன்ஸுக்கு நேரடியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1962 ஜூலையில் நாசா அவர் சொன்ன வழியையே ஏற்றது. 1969இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியபோது காலின்ஸ் மேலே சுற்றிக்கொண்டிருந்தாரே, அந்த ஏற்பாடு இதுதான். இன்று ஜோலியட் கல்லூரியின் பிரதான வளாகம் இருக்கும் சாலைக்கு ஹூபோல்ட் ரோடு என்று பெயர்.

ஜோலியட்டின் யோசனை மற்ற ஊர்களுக்கும் பரவியது. கலிஃபோர்னியாவில் 1907இல் சட்டமே வந்தது. 1910இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசே ஏற்றதால் எல்லாக் கல்லூரிகளும் நிரம்பி வழிந்தன. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947இல் தந்த அறிக்கையில், ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இப்படி ஒரு கல்லூரி வேண்டும் என்றது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவலானது அதன் பிறகுதான். 1960களில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் புதிய கல்லூரிகள் முளைத்தன. ஜோலியட் கல்லூரியும் 1967இல் பள்ளியை விட்டுப் பிரிந்து தனிக் கல்லூரி மாவட்டம் ஆனது. ஊருக்கு வெளியே பரந்த வளாகத்துக்குக் குடிபோனது.

கல்லூரி மாவட்டம் என்ற அந்த நிர்வாக முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதி மக்கள் கட்டும் சொத்துவரியில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகிறது. கல்லூரியை நடத்தும் குழுவை அந்த மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி, எனக்கு வேண்டியதைச் சொல்லித்தா என்று கேட்கலாம். அதனால்தான் ஒரே வளாகத்தில் பல்கலைக்கழகம் போகிறவனுக்குக் கணக்கும், நர்ஸ் ஆக விரும்புகிறவளுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பும், சமையல் கலையும், தோட்டக்கலையும் நடக்கின்றன. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு. கட்-ஆஃப் கிடையாது.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 1960இலேயே பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர், இந்தக் கல்லூரிகள் ஏழைப் பிள்ளைகளின் பெரிய ஆசைகளை மெல்ல ஆறவைத்து, சின்ன வேலைகளோடு திருப்தியடையப் பழக்குகின்றன என்று எழுதினார். ஹார்ப்பரின் வடிகட்டி முழுதாக மறையவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். சேருகிறவர்களில் பலர் படிப்பை முடிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது படித்த பாடங்கள் கணக்கில் வராமல் போவதும் நடக்கிறது. கதவைத் திறந்து வைப்பது ஒரு வேலை; உள்ளே வந்தவர்களைக் கரை சேர்ப்பது அதைவிடக் கடினமான வேலை. இருந்தாலும் கதவே இல்லாத இடத்தில் இந்தப் பேச்சுக்கே வழியில்லையே!

நம்மோடும் தொடர்புடைய செய்தி ஒன்று. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் 1976இல் இரண்டாண்டுப் படிப்பை முடித்த ஐலீன் காலின்ஸ், 1999இல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஆனார். அந்தப் பயணத்தில் அவர் விண்ணில் கொண்டுபோய் விட்ட தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஹார்ப்பர் வளர்த்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்.

சமுதாயக் கல்லூரி நமக்கும் வந்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் தொடங்கியது. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே எடுத்து நடத்தினார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டு, தொழில் கற்றுத் தந்து, நாலு பேர் முன்னால் பேசப் பழக்கி, நிறுவனங்களில் பயிற்சிக்கு அனுப்பி, வேலைக்குத் தயார் செய்வதுதான் திட்டம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஜோலியட்டில் தொடக்கத்திலேயே போட்ட முடிச்சு, இங்கே படித்ததை அங்கே ஏற்றுக்கொள்வது, நம்மிடம் இன்னும் இறுகவில்லை. தொழிற்பயிற்சி முடித்த பையன் பட்டப்படிப்புக்கு ஆசைப்பட்டால் பெரும்பாலும் முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. நம் கல்வித்துறைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கடிதம் எழுதிய வாசகர்களுக்கு என் பதிலையும் கேட்கலாம். பஸ்ஸில் போய் வந்து படிக்கக்கூடிய தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரி இருந்தால், பிள்ளை விரும்பும் பாடம் அங்கே இருந்தால், கடன் வாங்கி வெளியூர் விடுதியில் சேர்ப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆசிரியர்களிடம் பேசுங்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன வருஷம் முடித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர்ப்பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியே எனக்கும் ஓர் உதவி. உங்கள் ஊர்க் கல்லூரி எப்படித் தொடங்கியது என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். நிலம் யார் கொடுத்தது, முதல் வகுப்பு எந்தச் சத்திரத்தில், எந்த மில் கொட்டகையில் நடந்தது, முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் பழைய அலுவலக ஊழியர்களும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களைப் பிடியுங்கள். வருவதில் நல்லவற்றை ஆகஸ்ட் இதழிலிருந்து வெளியிடுகிறோம். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆண்டு மட்டும் சரியாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்